மோப்பப்பெட்டி சொன்ன ஊர்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். பெயர் பொற்கொடி. கடலூர்த் துறைமுகத்தில் மூலச் சோதனை அதிகாரி. ஒரு கண்டெய்னர் வாசலைத் தாண்டுவதற்கு முன், அதற்குள் இருக்கும் சரக்கு எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்ல வேண்டியது என் வேலை. உண்மையில் சொல்வது பெட்டிதான், கையெழுத்து மட்டும் என்னுடையது.

வங்கக்கடல் வணிகக் கூட்டணி ஆரம்பித்தபோது எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். கடலைச் சுற்றியுள்ள நாடுகள் தங்களுக்குள் சுங்கவரி கிடையாது என்று கைகுலுக்கிக்கொண்டன. கைச்சூடு ஆறுவதற்குள் கூத்து ஆரம்பித்துவிட்டது. பனைமரமே இல்லாத தீவிலிருந்து பனங்கற்கண்டு வந்து இறங்கியது. எங்கோ விளைந்த மிளகு கூட்டணி நாடு ஒன்றில் கரையேறி, ஸ்டிக்கரை மாற்றிக்கொண்டு, இன்னொரு நாட்டுக்குள் வரியில்லாமல் ஜம்மென்று நுழைந்தது. பிறகு வடகடல் கூட்டணியோடு ஒப்பந்தம் வந்தது. அவர்கள் குளிர்நாட்டுப் பணக்காரர்கள், ஸ்டிக்கரை நம்பாதவர்கள். உங்கள் மண்ணில் விளைந்ததென்றால் எங்கள் ஊருக்குள் வரியே வேண்டாம், ஆனால் அதை நிரூபியுங்கள் என்றார்கள். நிரூபிப்பதற்காக வந்ததுதான் பெட்டி.

அதிகாரப்பூர்வமாக அதற்கு மூலமானி என்று பெயர். துறைமுகத்தில் எல்லோரும் மோப்பப்பெட்டி என்றுதான் சொல்வார்கள். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு தண்ணீரும் அங்கே விளையும் பொருளுக்குள் தன் அடையாளத்தை விட்டுவிடுமாம். ஒரு கொட்டையையோ ஒரு அரிசியையோ உள்ளே போட்டால், பெட்டி அந்த அடையாளத்தைப் படித்து, தனக்குள் இருக்கும் கூட்டணியின் மண்வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சொன்ன ஊரும் விளைந்த ஊரும் ஒன்று என்றால் பச்சை எரியும், இல்லையென்றால் சிவப்பு. லஞ்சம் வாங்காது, சொந்தக்காரன் என்று பார்க்காது. எனக்கு அதை ரொம்பப் பிடித்திருந்தது.

பிடித்துப்போய் ஒருமுறை வீட்டுக்கும் எடுத்துப்போனேன். என் மாமியார் வருஷா வருஷம் 'நம்ம வயல் அரிசி' என்று ஒரு மூட்டை அனுப்புவார். சும்மா இரண்டு அரிசியைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு எரிந்தது. வயலைக் குத்தகைக்கு விட்டு எத்தனையோ வருஷமாகிறது, அரிசி கடைத்தெருவில் வாங்கியது. அந்த மாதம் முழுக்க என் கணவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீ ஒரு சந்தேகப் பிராணி" என்றார். பெட்டி சொன்னதற்கு நான் என்ன செய்வேன்?

இந்த விவகாரம் ஆரம்பித்த அன்றைக்கு வந்தவை இரண்டுமே முந்திரிக் கண்டெய்னர்கள். முதலாவது தனவேலுடையது. பண்ருட்டிப் பக்கத்தில் பெரிய முந்திரி ஆலை வைத்திருக்கிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். ஒப்பந்தம் வந்த நாளிலிருந்து அவர் சரக்கு ஒருமுறைகூடச் சிவப்பு காட்டியதில்லை. அன்றைக்கும் பச்சை.

"உங்க சரக்குன்னா கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடலாம் சார். எல்லாரும் இப்படி இருந்தா எனக்கு வேலையே இருக்காது" என்றேன்.

"நான் என்ன மேடம் பண்ணுறேன்? எந்த ஊருன்னு நானா சொல்லுறேன்? பெட்டி சொல்லுது" என்று சிரித்தார். போகிறபோது கதவருகே நின்று குரலைத் தாழ்த்தினார். "அடுத்தது செம்மேட்டுக்குப்பம் பொம்பளைங்களோட சரக்கு. எங்கிட்ட கொட்டை உடைச்சிக்கிட்டு இருந்தவங்கதான். திடீர்னு சங்கம், ஏற்றுமதின்னு கிளம்பிட்டாங்க. நல்லா மோந்து பாருங்க."

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். நான் எல்லாவற்றையும் மோந்து பார்க்கிறவள்தான். செம்மேட்டுக்குப்பம் மகளிர் முந்திரிச் சங்கத்தின் கண்டெய்னரிலிருந்து, மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டேன். சிவப்பு. மூட்டையை மாற்றினேன். மறுபடியும் சிவப்பு. கொஞ்சம் கலப்படம் என்றால் ஒன்றிரண்டாவது பச்சை காட்டும். இது முழுக்க முழுக்கச் சிவப்பு. இப்படி ஒரு துணிச்சலை நான் பார்த்ததே இல்லை.

சங்கத்தின் தலைவி அஞ்சலாட்சி என்ற அம்மாள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். உள்ளே கூப்பிட்டேன். மேசைமேல் வைத்த அவர் கைகளைத்தான் முதலில் பார்த்தேன். முந்திரி ஓட்டுப் பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே இல்லாமல் இருந்தன.

"எங்கேருந்து வாங்குனீங்க இந்தக் கொட்டைய?" என்றேன்.

"வாங்குனமா? எங்க மரத்துல பொறுக்குனது மேடம்."

"பெட்டி இல்லன்னு சொல்லுதே."

"அப்ப பெட்டி பொய் சொல்லுது."

"பெட்டி பொய் சொல்லாதும்மா. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

அந்த அம்மாள் கத்தவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். சாப்பாட்டில் கல் கிடந்தால் பார்ப்போமே, அப்படி. "நீங்க எங்க ஊருக்கு வந்து மரத்தப் பாருங்க. பாத்துட்டு அப்பறம் திருடின்னு சொல்லுங்க. ஆலைய வுட்டு வெளிய வந்துருக்கம் மேடம். நாப்பது பொம்பளைங்க. இது போவலன்னா மறுபடி அந்தாளு வாசல்லதான் போயி நிக்கணும்."

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சரக்கு போகாமல் இருப்பதோடு இது முடியாது. மூலப் புரட்டு என்று நான் கையெழுத்துப் போட்டால், செம்மேட்டுக்குப்பம் என்ற ஊரே ஒப்பந்தத்திலிருந்து பத்து வருஷத்துக்கு வெட்டப்படும். அங்கே விளையும் எதையும் யாரும் ஏற்ற முடியாது. தலைவியின் படம் கூட்டணித் துறைமுகம் ஒவ்வொன்றிலும் தொங்கும். ஆனால் விதிப்படி, கையெழுத்துக்கு முன் அவர்கள் கேட்டால் விளைந்த இடத்துக்கே போய் ஒரு மறுசோதனை செய்ய வேண்டும். கேட்டுவிட்டார், போய்த்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். பண்ருட்டி தாண்டியதும் செம்மண். இரண்டு பக்கமும் முந்திரிக் காடு. தாழத் தாழக் கிளை விட்டு, குனிந்து போனால்தான் உள்ளே நுழையலாம். பருவம் முடிகிற நேரம், கிளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பழம் தொங்கிக்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சி எந்த மரத்தைக் காட்டினாலும் நான் அதை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன். கீழே கிடந்த கொட்டையைத் தொடவில்லை, நேற்று ராத்திரி யாராவது கொண்டுவந்து போட்டிருக்கலாம் அல்லவா? கிளையில் பழத்தோடு தொங்கியதை நானே திருகிப் பறித்தேன். வேறு வேறு கொல்லைகளில் பறித்து, என் பையிலேயே போட்டு, பையை என் தோளிலேயே மாட்டிக்கொண்டேன். கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"மேடம் மரத்துலயே கட்டி வுட்டுருப்பமோன்னு பாக்குறாங்கடி" என்றாள் ஒருத்தி. உண்மையில் நான் காம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மறித்துவிட்டார்கள். வேண்டாம் என்றால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள் என்று உட்கார்ந்தேன். கோழிக் குழம்பு, முட்டை, அப்பளம். சோற்றைப் பிசையும்போதுகூட எதற்காக இவ்வளவு உபசாரம் என்றுதான் என் மனது கேட்டுக்கொண்டிருந்தது. கிளம்பும்போது எதிர்பார்த்தது நடந்தது. அஞ்சலாட்சி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து காரின் சன்னல் வழியாக என் மடியில் வைத்தார்.

"வெறுங்கையோட அனுப்பக் கூடாது. புள்ளைங்களுக்குக் குடுங்க."

பிரித்துப் பார்த்தேன். முந்திரிப் பருப்பு. வெள்ளை வெளேரென்று, முழுசு முழுசாக, ஒன்றில்கூட ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. லஞ்சமா என்று வாய் வரை வந்துவிட்டது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஊர் எல்லையில் காரை நிறுத்தச் சொல்லி, பெட்டியை மடியில் வைத்துத் திறந்தேன். நானே பறித்த கொட்டையைப் போட்டேன். ஓட்டோடு போட்டாலும் பெட்டி படித்துவிடும். சிவப்பு எரிந்தது.

அடுத்த கொல்லையில் பறித்தது, சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு. கண்ணெதிரே கிளையில் தொங்கியதை நான்தானே திருகினேன். மரத்தை ஆப்பிரிக்காவிலிருந்து வேரோடு கொண்டுவந்து நட்டாலும் மண் இந்த மண்தானே? முதல்முறையாக எனக்குப் பெட்டிமேல் சந்தேகம் வந்தது. கை சும்மா இருக்கவில்லை. மடியிலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு வெள்ளைப் பருப்பை எடுத்துப் போட்டேன்.

பச்சை. சுத்தமான பண்ருட்டி வட்டாரப் பச்சை.

காரைத் திருப்பச் சொன்னேன். அஞ்சலாட்சி வாசலில் எச்சில் இலையை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பொட்டலத்தை நீட்டினேன்.

"இது எந்த மரத்துப் பருப்பு?"

அவர் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. இலையை மடித்தார்.

"சொல்லுங்கம்மா. எந்தக் கொல்லையில விளைஞ்சது?"

"இதுக்குப் போயி திரும்பி வந்தீங்களா? கடையில வாங்குனது மேடம். பண்ருட்டிக் கடையில."

"உங்க ஊட்டுல முந்திரி இல்லாமலா கடையில வாங்குனீங்க?"

"இருக்குதுங்க. இருந்தா? எங்க கொட்டைய நாங்க சட்டியில போட்டு வறுக்குறம். பொடிப்பொடியா இருக்கும், அங்கங்க தீஞ்சு கறுப்படிச்சுப் போயிருக்கும். அத எப்படி வந்தவங்களுக்குக் குடுக்குறது? நம்மள என்னான்னு நெனப்பாங்க? யாரு வந்தாலும் கடையில ஆளனுப்பி வெள்ளையா வாங்கியாந்துதான் குடுப்பம். இந்த ஊருல எல்லாரும் அப்படித்தான்."

"கடையில இது எங்கேருந்து வருது?"

"தனவேலு ஆலையிலேருந்து. கப்பல்ல வர்ற கொட்டை. ஆப்பிரிக்கா. நாங்கதான உடைச்சம் இத்தன வருசம்."

நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒப்பந்தம் வருவதற்கு முன்னால் மண்வரைபடம் தயாரித்தார்கள். கூட்டணித் தலைமையகத்திலிருந்து வண்டிகள் கிளம்பி, ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர் விளைச்சலில் மாதிரி எடுத்தன. இந்த வட்டாரத்து முந்திரிக்கும் எடுத்திருக்க வேண்டும்.

"அக்கா, கொஞ்ச வருசத்துக்கு முன்னாடி ஒரு வண்டி வந்துச்சா? ஊட்டுக்கு ஊடு முந்திரி கேட்டு?"

"வந்துச்சே. மழைக்காலம். நாலு பேரு, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு. ஒரு வெள்ளக்காரப் பொண்ணும் இருந்துச்சி. உங்க ஊரு முந்திரி ஒரு பிடி குடுங்கன்னு கேட்டாங்க."

மழைக்காலத்தில் மரத்தில் கொட்டை ஏது? கேட்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். "எதக் குடுத்தீங்க?"

அஞ்சலாட்சிக்கு இன்னும் புரியவில்லை. முகத்தில் ஒரு பெருமைகூட வந்தது. "அவ்ளோ தூரம் வந்திருக்காங்க, பொடியக் குடுக்க முடியுமா? ஊட்டுக்கு ஊடு போட்டி போட்டுக்கிட்டு வாங்கியாந்து குடுத்தம். எங்க அண்ணி பெரிய சைசா பொறுக்கிப் பொறுக்கிப் போட்டாங்க. பண்ருட்டிக் கடையில வாங்குனா அது பண்ருட்டி முந்திரிதான?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. சுற்று வட்டாரம் முழுக்க, ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு வீட்டிலும், விருந்தாளிக்கு மட்டமானதைக் கொடுக்கக் கூடாது என்று ஆப்பிரிக்காக் கொட்டையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பெட்டி ஒரு பொய்யும் சொல்லவில்லை. பண்ருட்டி என்றால் இதுதான் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்கள்தான்.

விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அஞ்சலாட்சி கறுத்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார். "மரியாதைக்குச் செஞ்சது மேடம்" என்றார் கடைசியில்.

எனக்கு மேலதிகாரி நகுலேஸ்வரன். யாழ்ப்பாணத்துக்காரர். கூட்டணியில் எந்த நாட்டு அதிகாரியும் எந்த நாட்டுத் துறைமுகத்திலும் இருக்கலாம் என்பதால் கடலூரில் வந்து மாட்டிக்கொண்டவர். நிதானமானவர், கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலமே அவர் அறைக்குள் போய் மரத்துக் கொட்டையையும் கடைப் பருப்பையும் மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இரும் பிள்ளை. தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"சார், வரைபடம் தப்பு. நாளைக்கே திருத்தச் சொல்லணும்."

"வரைபடம் எங்கை கிடக்கெண்டு தெரியுமோ உமக்கு? ஒப்பந்தத்துக்குள்ள கிடக்கு. அதில ஒரு புள்ளியை மாத்திறதெண்டாலும் ஒப்பந்தத்தைத் திரும்பத் திறக்கவேணும். நாங்கள் முந்திரிக்காகத் திறந்தால், வடகடல்காரர் மீனுக்காகத் திறப்பினம். பிறகு துணி, ரப்பர், தேயிலை. ஏழு வருசம் இருந்து பேசிக் கட்டின வீடு. ஒரு செங்கல்லை உருவ ஏலாது."

"அதுக்காக உள்ளூர்க் கொட்டை வெளியூர், ஆப்பிரிக்காக் கொட்டை உள்ளூரா? வடகடல்காரங்களுக்குத் தெரிஞ்சா சும்மா விடுவாங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவைக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீரோ?"

எனக்குச் சுருக்கென்றது.

"அந்த ஆப்பிரிக்காத் தோட்டங்கள் ஆருடையது? பாதிக்கு மேல வடகடல் கொம்பனிகளின்ரை. கொட்டையை நேரா தங்கடை நாட்டுக்குக் கொண்டுபோனால் வரி கட்டவேணும். இஞ்சாலை கொண்டுவந்து, இஞ்சத்தைப் பொம்பிளையளைக் கொண்டு உடைப்பிச்சு, பண்ருட்டி எண்டு பச்சை காட்டி ஏத்தினால் வரியும் இல்லை, கூலியும் மலிவு. அவை ஏன் வரைபடத்தைத் திருத்தச் சொல்லிக் கேக்கப்போயினம்?"

"அப்ப தனவேல்?"

"அவரைத் தனியக் குத்தம் சொல்லாதையும். அவர் எங்கையாவது பொய் எழுதினவரோ? பெட்டி சொல்லுது, நீர் கையெழுத்துப் போடுறீர்."

பெட்டி சொல்லுது என்று தனவேல் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாள் முழுக்க ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். கிளையில் தொங்கும் பழத்தின் காம்பைத் தடவிப் பார்த்தேன். வெள்ளை வேட்டியை மட்டும் சந்தேகப்படவே எனக்குத் தோன்றவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும் சார்?"

"நிச்சயமாத் தெரியாது. ஒருத்தற்றை சரக்கு ஒருநாளும் சிவப்புக் காட்டாமல் போனால் எனக்குப் பயம் வரும். அவ்வளவுதான். தேடிப் பார்க்கேல்லை. தேடினால் கிடைச்சிடும்." தேத்தண்ணீரை உறிஞ்சினார். "எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் கிடக்கு, பிள்ளை."

"அந்தக் கண்டெய்னருக்கு நான் என்ன பண்ணணும்?"

"உமக்கு ரெண்டே ரெண்டு வழிதான். ஒண்டு, சரக்குப் புரட்டு. அப்ப அந்த ஊர் முடிஞ்சுது. மற்றது, பெட்டி பழுது. அப்பிடியெண்டால் சரக்கை அந்தப் பொம்பிளையளிட்டைத் திருப்பிக் குடுக்கலாம், ஊருக்கு ஒண்டும் வராது. ஆனால் பெட்டி தலைமையகத்துக்குப் போகும். அவை சோதிப்பினம். பெட்டியில ஒரு பழுதும் இல்லை. பிறகு?"

"பிறகு நான் பொய் சொன்னதா ஆகும்."

"ஓம். பெட்டியும் சரி, சரக்கும் சரியெண்டு எழுத இடமில்லை. ஆரோ ஒருத்தர் புரட்டாகத்தான் வேணும். அந்தப் பொம்பிளையளோ, நீரோ."

வரைபடம் தப்பு என்று எழுத மூன்றாவதாக ஓர் இடம் இருந்தால் என்ன என்று கேட்டேன். அதற்கும் ஒப்பந்தத்தைத் திறக்க வேண்டும் என்றார்.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கம்மாவும் அதுக்குத்தான் கடை அரிசி வாங்கி அனுப்புனாங்க. மருமக வீட்டுக்குக் குத்தகைக்காரன் குடுத்த நொய்யவா அனுப்ப முடியும்?" என்றார். வேலை போனால் என்ன செய்வது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவர் சமையலறைக்குப் போய் எனக்குத் தோசை வார்த்துக் கொண்டுவந்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, பெட்டி பழுது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுவரை நான் போட்ட பச்சைக் கையெழுத்துகளில் எத்தனை பொய் என்று எனக்குத் தெரியாது, இது பொய் என்று தெரிந்தே போட்டேன். தெரிந்து போட்ட இந்தப் பொய்தான் நியாயமாகப் பட்டது. நகுலேஸ்வரன் அதை இரண்டுமுறை படித்தார். மேலே அனுப்பினார்.

எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலகியிருக்க வேண்டும். பெட்டியைச் சாயங்காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே தனவேலின் அடுத்த கண்டெய்னர் வந்து நின்றது. பக்கத்து மேசை அதிகாரி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பச்சைதான். தனவேல் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "கேள்விப்பட்டேன் மேடம். ரொம்ப வருத்தமா இருக்குது. நேர்மையா இருந்தா இந்தக் காலத்துல கஷ்டந்தான்" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது? நான் துணியை உதறிவிட்டு மேசையின் அடுத்த பக்கத்தைத் துடைத்தேன்.

அவர் லாரி போன பிறகு அஞ்சலாட்சி வந்தார். கண்டெய்னரைத் திருப்பி எடுத்துப்போக வந்திருந்தார். சங்கத்துப் பெண்கள் சிலர் வெளியே நின்றிருந்தார்கள். வடகடலுக்கு அனுப்ப முடியாத முந்திரியை நெடுஞ்சாலை ஓரத்தில் கடை போட்டு விற்கப்போகிறார்களாம். ஆலை வாசலுக்கு ஒருத்தியும் திரும்பிப் போகவில்லையாம். வரவேற்பு எப்படி இருக்கும் என்று தெரியாது, பார்க்கலாம் என்றார்.

"உன் வேலை போச்சின்னு சொன்னாங்க" என்றார். முதல்முறையாக ஒருமையில் பேசினார்.

"இன்னும் போவலக்கா. விசாரணை இருக்குது."

"போயிடும்."

"போயிடும்" என்று நானும் சொன்னேன்.

முந்தானைக்குள் கை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். செய்தித்தாளில் சுற்றியது. மேசைமேல் வைத்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பிரித்தேன். பொடிப்பொடியாக, வளைந்தும் நெளிந்தும், அங்கங்கே தீய்ந்து கறுத்துப்போன முந்திரி. வறுத்த வாசனை அறையெல்லாம் பரவியது.

"இத வெளியாளுங்களுக்குக் குடுக்குறதில்ல. எங்கூட்டுப் புள்ளைங்க திங்குறது" என்றார். "உனக்கு வெள்ளையா வாங்கியாரத் தெரியாம இல்ல. எடுத்துக்க தங்கச்சி."

பிறவிக்குணம் போகுமா? கை தானாகப் போய், பெட்டியைத் திறந்து, அந்தக் கறுத்த முந்திரியில் ஒன்றை எடுத்து உள்ளே போட்டது. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அஞ்சலாட்சி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் குனிந்து பெட்டியைத்தான் பார்த்தார்.

சிவப்பு எரிந்தது.

"என்னாம்மா சொல்லுது?" என்றார், கவலையோடு.

நான் ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"உங்க கொல்லையில விளைஞ்சதுன்னு சொல்லுதுக்கா" என்றேன்.